நம்பலாமா என்று யாரிடம் விசாரிப்பது?

வளவுக்காரி | திங்கள், இரவு 10.15

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை.

நகரத்தார் வீட்டுப் பெண். சொந்த ஊர் செட்டிநாட்டுக் கோட்டையூர், வேலை சென்னையில். உடன் வேலை பார்க்கும் ஒருவரும் நானும் திருமணம் செய்துகொள்வதாகப் பேசி வைத்திருக்கிறோம். அவர் வேறு சமூகம், தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

என் அக்காவுக்கு வரன் பார்த்தபோது நடந்த விசாரிப்பு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்தக் கோயில், எத்தனை பங்காளி, வீட்டுக்குக் கடன் உண்டா, ஐயாவுக்கு என்ன நோய், மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா? ஆத்தா வழியில் ஒரு ஆள், அம்மான் வழியில் ஒரு ஆள் என்று போய், கடைசியில் அவர் படித்த கல்லூரி விடுதியின் சமையல்காரரையும் பிடித்துக் கேட்டுவிட்டார்கள். எனக்காக அப்படிப் போய்க் கேட்க யாரும் இல்லை. நானே பெண், நானே பெண் வீட்டார்.

இப்போது அவர் தங்கையின் கல்யாணத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் கேட்கிறார். ஆறு மாதத்தில் தந்துவிடுவதாகச் சொல்கிறார். என்னிடம் பணம் இருக்கிறது. கொடுக்க மனமும் இருக்கிறது. ஆனால் அவர் வீட்டார் ஒருவரையும் நான் பார்த்ததில்லை; தொலைபேசியில்கூடப் பேசியதில்லை. "நேரம் வரட்டும்" என்பார்.

நான் கேட்பது பணத்தைப் பற்றி மட்டும் அல்ல. ஒருவரை நம்பலாம் என்று நீங்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

புதுவயல்காரன் | திங்கள், இரவு 10.32

கொடுக்காதீர்கள். வரன் தேடும் தளம் ஒன்றில் பழக்கமான ஒருவர், லண்டனில் மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு, என் நண்பனின் அக்காவுக்குப் பரிசுப் பெட்டி அனுப்பியதாகச் சொன்னார். அடுத்த நாள் சுங்கத்துறை அதிகாரி என்று ஒருவர் பேசினார். வரி கட்டு, அபராதம் கட்டு என்று பணம் போய்க்கொண்டே இருந்தது. அப்படி ஏதாவது நடந்தால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

வளவுக்காரி | திங்கள், இரவு 10.41

நன்றி. ஆனால் இவர் முகம் தெரியாத ஆள் அல்ல. எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் எவ்வளவு என்பதுகூடத் தெரியும்.

செக்காலை ஆசிரியை | செவ்வாய், காலை 6.50

உளவியல் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற ஆய்வாளர் புதுமணத் தம்பதிகளைப் பார்த்து, ஆறு ஆண்டு கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் பிரிந்துவிட்டார்கள் என்று கணக்கெடுத்தார். அவர் கவனித்தது பெரிய சண்டைகளை மட்டும் அல்ல. ஒருவர் சும்மா, "அந்தப் பறவையைப் பாரேன்" என்கிறார். மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா, இல்லையா? சேர்ந்திருந்தவர்கள் 100-க்கு 86 தடவை திரும்பிப் பார்த்தவர்கள். பிரிந்தவர்கள் 33 தடவைதான். நம்பிக்கை என்பது இப்படிச் சில்லறையாகச் சேர்கிறது. இந்தச் சில்லறை விஷயங்களில் அவர் எப்படி?

வளவுக்காரி | செவ்வாய், காலை 8.05

அங்கேதான் குழம்புகிறேன் டீச்சர். இந்தப் பரீட்சையில் அவருக்கு முழு மதிப்பெண். நான் பேச்சோடு பேச்சாகச் சொன்ன பல்வலியை நினைவில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தார். ஊரிலிருந்து நான் கொண்டுபோகும் மணகோலப் பலகாரத்தில் கொஞ்சம் எடுத்து வைத்து, மழை பெய்யும் நாளில் எடுத்து நீட்டுவார். திரும்பிப் பார்க்காத ஆளாக இருந்தால் முடிவெடுப்பது எளிதாக இருந்திருக்கும்.

பழைய பேரேடு | செவ்வாய், காலை 11.20

எனக்கு வயது எழுபதுக்கு மேல். தேவகோட்டை. காதலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பணம் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

நம் முன்னோர் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்தில் யாரையும் ஒரே நாளில் கடையை நடத்தும் மேலாள் ஆக்கவில்லை. பையன் முதலில் பெட்டியடியில் உட்கார வேண்டும். தண்ணீர் கொண்டுவருவான், சிட்டையைப் பார்த்து எழுதுவான், பெரியவர்கள் பேசுவதைக் காதில் வாங்குவான். பிறகு அடுத்தாள். அதன் பிறகுதான் மேலாள். அப்போதும் மூன்று ஆண்டுக் கணக்கு. ஊர் திரும்பியதும் ஐந்தொகை பார்த்தாக வேண்டும். சொந்த அயித்தை மகனாக இருந்தாலும் சம்பளச் சீட்டு எழுதித்தான் கப்பல் ஏற்றினார்கள். அவன்மேல் சந்தேகம் என்று அதற்கு அர்த்தமில்லை. எழுதிவிட்டால் அதற்குப் பிறகு சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆகவே அம்மா, கொடு. ஆனால் எழுதி வாங்கிக்கொண்டு கொடு. புரோநோட்டு ஒன்று, வருவாய் முத்திரை ஒட்டி அதன் மேல் கையெழுத்து. பணத்தை வங்கி வழியாக அனுப்பு. வேண்டும்போது தருவதாக எழுதிய நோட்டு என்றால் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அவர் கையெழுத்துப் போடுகிறாரா என்பதைவிட, நீ கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்.

காதலில் காகிதமா என்று கேட்பவர்கள், நம் கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதுகிறோமே, அதற்குப் பதில் சொல்லட்டும். என்ன கொடுப்பது என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்கிறோம். அதனால் எந்தப் பெண்ணின் கல்யாணக் களை குறைந்துபோயிற்று?

இரண்டாங்கட்டு | செவ்வாய், பிற்பகல் 3.48

பெரியவர் மன்னிக்க வேண்டும். அந்தக் காகிதத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் ஆயாவின், அதாவது பாட்டியின், இசைகுடிமானம் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். ரொக்கத்திலிருந்து கடைசி வெள்ளிச் சாமான் வரை எடையோடு எழுதியிருக்கிறது. ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அவர் கணவர், எங்கள் ஐயா, பர்மாவுக்குப் போனார். மூன்று ஆண்டு அங்கே, ஊரில் சில மாதம், மறுபடி கப்பல். ஒரு நாள் வந்த கடிதத்தைக் கணக்குப்பிள்ளை வழக்கம்போல முகப்பில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். ஆயா வளவுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பார். பாதியில் கணக்குப்பிள்ளையின் குரல் நின்றுவிட்டது. "மற்றது வியாபாரச் சேதி, ஆச்சி" என்று சொல்லிக் கடிதத்தை மடித்துவிட்டார். அந்த வியாபாரச் சேதி, அங்கே பிறந்திருந்த ஒரு பையன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வியாபாரச் சேதியை இத்தனை நாளும் கணக்குப்பிள்ளை முழுதாகத்தான் படித்திருக்கிறார் என்பது தெரியும்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டீர்கள். அயல்நாட்டில் இரண்டாவது குடும்பம் என்பது அந்தக் காலத்துச் செட்டிநாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

விசாரிப்பு நடந்தது, ஜாதகம் பொருந்தியது, காகிதம் எழுதினார்கள். அதில் வெள்ளிக் கிண்ணத்தின் எடை இருந்தது. அந்த மனிதரைப் பற்றி ஒரு வரி இல்லை. பணத்துக்காவது காகிதம் காவலாக நின்றதா? 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியாமல், 1937-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் நம்மவர் பெயருக்கு வந்தது. பத்திரம் எல்லாம் சுத்தம். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

வளவுக்காரிக்குச் சொல்வது: நான்கு லட்சம் சின்ன விஷயம். உங்களை ஏன் ஒருவரிடமும் காட்டவில்லை என்று கேளுங்கள்.

கோலாலம்பூர்ப் பேரன் | செவ்வாய், மாலை 6.10

இசைகுடிமானம் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் பாட்டியின் கல்யாணத் தங்க நகையான கழுத்துருவைப் பங்கு பிரித்ததில் மூன்று அண்ணன் தம்பிகள் பேசாமல் போனார்கள். உங்கள் பக்கம் கழுத்துருவை உருக்குகிறார்களா, அப்படியே வைத்திருக்கிறார்களா?

நெறியாளர் | செவ்வாய், மாலை 6.25

கழுத்துருவுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போய்க் கேளுங்கள்.

பழைய பேரேடு | செவ்வாய், இரவு 7.02

இரண்டாங்கட்டு சொல்வதை மறுக்கவில்லை. என் சின்னையா வீட்டிலும் அப்படி ஒரு கடிதம் வந்தது. ஆனாலும் காகிதம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெண்களுக்கு வெள்ளிக் கிண்ணமும் மிஞ்சியிருக்காது.

பள்ளத்தூர் மருமகள் | செவ்வாய், இரவு 9.37

நான் வெளியிலிருந்து வந்தவள். காதல் திருமணம். எங்கள் கல்யாணத்துக்குக் கோயில் மாலை வரவில்லை; கோயில் கணக்கில் எங்களைக் குடும்பமாகச் சேர்க்கும் புள்ளியும் கிடையாது. அந்த வருத்தம் இன்று எனக்கு இல்லை; என் மாமியாருக்கு இருக்கிறது, அது வேறு கதை.

எதை வைத்து நம்பினேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

காரைக்குடிப் புதிய பஸ் நிலையத்தில் திருச்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு நாள் அவரிடம் சொன்னேன்: கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலையை விட மாட்டேன், என் சம்பளத்தில் பாதி என் அம்மாவுக்குப் போகும். "அதற்கென்ன" என்றார். பஸ் நிலையத்தில் யார் வேண்டுமானாலும் "அதற்கென்ன" என்று சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

சில வாரம் கழித்து அவர் வீட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். பட்டாலையில் அவர் அம்மா, பெரியப்பா, இரண்டு அயித்தைகள், எல்லோரும் இருந்தார்கள். ஒருவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அயித்தை ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேலைக்குப் போகிற பெண் வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "அவள் வேலையை விட மாட்டாள். சம்பளத்தில் பாதி அவள் அம்மாவுக்கு. நாங்கள் பேசிக்கொண்டதுதான்." அதே சொற்கள். பஸ் நிலையத்தில் சொன்னதைவிட ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கியது. அப்பாவை இழந்த பையன், பெரியப்பாவை எதிர்த்துப் பேசியே பழகாதவர்.

தனியாகச் சொன்னதை நான்கு பேர் முன்னால் சொல்வதால் அவருக்கு லாபம் ஒன்றும் இல்லை. இழப்பதற்குத்தான் இருந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணமான கொஞ்ச நாளில் எங்களை வேறு வைத்தார்கள். அதே வீடு, தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று அளந்து கொடுத்தார்கள். என்னைத் தள்ளி வைக்கிறார்கள் என்று நினைத்து இரவெல்லாம் அழுதேன். காலையில் அவர்தான் சொன்னார், இங்கே எல்லா மருமகளுக்கும் இதுதான் வழக்கம், தள்ளி வைப்பதாக இருந்தால் அரிசி அளக்க மாட்டார்கள் என்று. அரிசியிலும் பருப்பிலும் எனக்கு ஒரு கைப்பிடிகூடக் குறைத்து அளக்கவில்லை அந்த மாமியார். முகம் கொடுத்துப் பேச இன்னும் சில ஆண்டு பிடித்தது.

புதுவயல்காரன் | செவ்வாய், இரவு 9.50

அக்கா, அப்படியானால் வீட்டில் சொல்லத் தைரியம் இல்லாத ஆண்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா? நானும் ஒரு பெண்ணை விரும்புகிறேன். வேறு சாதி. எங்கள் தெருவில் சொன்னால் முதலில் அவள் வீட்டுக்குத்தான் ஆபத்து. மறைத்து வைத்திருப்பது அவளைக் காப்பாற்றத்தான்.

பள்ளத்தூர் மருமகள் | செவ்வாய், இரவு 10.04

உன் பயம் நியாயமானது தம்பி. ஒரே ஒரு கேள்வி: உன் நண்பர்களில் ஒருவருக்காவது அவள் யார் என்று தெரியுமா?

புதுவயல்காரன் | செவ்வாய், இரவு 10.06

இரண்டு பேருக்குத் தெரியும். என் சித்திக்கும் தெரியும்.

பள்ளத்தூர் மருமகள் | செவ்வாய், இரவு 10.09

அப்படியென்றால் நீ மறைக்கவில்லை. காலம் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

வளவுக்காரி | ஞாயிறு, காலை 7.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியவர் சொன்னபடி முதலில் புரோநோட்டு கேட்டேன். சிரித்தார். "உங்கள் ஊர்க்காரர்கள் முத்தத்துக்கும் ரசீது கேட்பீர்கள் போலிருக்கிறது" என்றார். ஆனால் கோபப்படவில்லை, மறுநாளே எழுதித் தருவதாகச் சொன்னார். அப்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பிறகு இரண்டாங்கட்டு அக்கா சொன்னதைக் கேட்டேன்: பணம் தருகிறேன், உங்கள் தங்கையோடு ஒரு தடவை பேச வேண்டும், வாழ்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் இழுத்தார். பிறகு எண்ணைக் கொடுத்தார்.

தங்கை நல்ல பெண். கல்யாணம் உண்மை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியதுவரை சொன்னாள், பணமுடையும் உண்மை. பேச்சை முடிக்கும்போது, "அண்ணன் உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார் அக்கா. உங்கள் வீட்டுக்காரர் துபாயிலிருந்து எப்போது வருகிறார்? கல்யாணத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள்" என்றாள்.

எனக்கு ஒரு கணவரைத் தயார் செய்து துபாய்க்கும் அனுப்பியிருக்கிறார்.

அவரிடம் கேட்டேன். ராத்திரி நேரத்தில் அடிக்கடி தொலைபேசி வருவதைப் பார்த்து வீட்டில் சந்தேகப்பட்டார்களாம், கல்யாணமான பெண் என்று சொன்னால் கேள்வி வராது என்று சொன்னாராம். தங்கை கல்யாணம் முடிந்ததும் எல்லாவற்றையும் சரி செய்துவிடுவாராம். இதை மன்னிக்கலாமா?

செக்காலை ஆசிரியை | ஞாயிறு, காலை 8.15

பயத்தில் சொன்ன பொய்யை எல்லாம் துரோகம் என்று சொல்லிவிட முடியாது. பெண்ணைப் பெற்ற வீடு, கல்யாண நேரம், வேறு சாதி. அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாங்கட்டு | ஞாயிறு, காலை 8.40

டீச்சர், "நண்பர்" என்று சொல்லியிருந்தால் அது பயம். கணவர், துபாய் என்று சொன்னது, அவளை வீட்டுக்குக் கொண்டுவரும் கதவை உள்பக்கம் தாழிட்டது. நாளைக்கு "இவளைத்தான் கட்டப் போகிறேன்" என்றால் அந்த வீட்டில் இவள் யாராகப் போய் நிற்பாள்? புருஷனை விட்டு வந்தவளாக.

கோலாலம்பூர்ப் பேரன் | ஞாயிறு, காலை 9.05

போலீசில் புகார் கொடுங்கள். கல்யாணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றினால் பத்து ஆண்டு என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதே.

தேவகோட்டை வக்கீல் | ஞாயிறு, காலை 10.20

அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குக் கொடுத்து உடலுறவு கொண்டால்தான் அது பொருந்தும். வீட்டில் பொய் சொன்னதற்கு இந்தியாவில் தண்டனை கிடையாது; இருந்திருந்தால் எனக்கு வேறு வழக்கே தேவைப்பட்டிருக்காது. பணம் இன்னும் கை மாறவில்லை என்பதால் அந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை.

வளவுக்காரி | ஞாயிறு, இரவு 9.55

டீச்சர் சொன்ன வாய்ப்பைக் கொடுத்தேன். "தங்கையிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அப்பா அம்மாவிடம் வேண்டாம், ஊரிடம் வேண்டாம். அவள் ஒருத்தியிடம். இப்போது, நான் பக்கத்தில் இருக்கும்போதே" என்றேன். தொலைபேசியைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தை மாதம் கல்யாணம், அது முடியட்டும்" என்று பையில் போட்டுக்கொண்டார். தை வரை நான் காத்திருக்கப் போவதில்லை. அவரிடமே சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு சிக்கல். மாலையில் அந்தத் தங்கை எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள்: "அக்கா, தவறாக நினைக்காதீர்கள். நீங்கள் உண்மையில் யார்?" அன்று துபாய் என்றதும் நான் ஒரு கணம் பேசாமல் இருந்தது அவளுக்கு உறுத்தியிருக்கிறது. என்ன சொல்வது?

பழைய பேரேடு | ஞாயிறு, இரவு 10.12

கல்யாணம் முடியட்டும் அம்மா. இப்போது சொன்னால் அந்தப் பெண் மணவறையில் இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் ஒரு பாவமும் செய்யவில்லை.

இரண்டாங்கட்டு | ஞாயிறு, இரவு 10.20

சொல்லுங்கள். அவளே கேட்டிருக்கிறாள். மற்றது வியாபாரச் சேதி என்று மடித்து வைக்காதீர்கள்.

வளவுக்காரி | திங்கள், காலை 6.45

ஐயா, உங்கள் பதிலைப் பார்ப்பதற்கு முன்பே அவளை அழைத்துச் சொல்லிவிட்டேன். அழுவாள், அல்லது அண்ணனுக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். முதலில் கேட்டது பணத்தை: "கொடுத்துவிட்டீர்களா?" இன்னும் இல்லை என்றேன்.

"எங்களுக்குத் தேவைதான் அக்கா. ஆனாலும் கொடுக்காதீர்கள்" என்றாள்.